‘பணம்’ என்று எழுதாத பில்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். அஸ்திவாரத்தைப் பற்றி எழுதுவேன், அப்ரூவல் வாங்கும் நெளிவுசுளிவுகளைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் எழுதப் போவது பில் போடுகிற மென்பொருளைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் பிளான் போட்ட வீடுகளில் இதுவரை ஒரு சுவர்கூடச் சாய்ந்ததில்லை. ஆனால் நான் போட்ட ஒரு பில்லால் ஒரு கல்யாணமே சாயப் பார்த்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுத்தேன். வீடு எழும்பி முடிகிறவரை அவ்வப்போது ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு, மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வருவேன். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. முதலாளி, குமாஸ்தா, கணக்குப்பிள்ளை மூன்றும் நானே. முதல் இரண்டு வேலைகளைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

வெகுகாலம் லெட்டர்பேடில் கையால்தான் பில் எழுதினேன். மேலே பிள்ளையார் சுழி, கீழே கையெழுத்து, நடுவில் தொகை. ஜி.எஸ்.டி. வந்த பிறகு என் ஆடிட்டர் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“மேடம், இது பில்லு இல்ல. லெட்டர். நலம் நலமறிய ஆவல்னு மட்டுந்தான் எழுதல. ஒரு சாஃப்ட்வேர் வாங்கிடுங்க.”

சாஃப்ட்வேர் வாங்குவது புடவை எடுப்பதைப் போல இருக்கும் என்று நினைத்துவிட்டேன். கடையில் பளபளவென்று தெரியும், வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தால்தான் அது நமக்கானதா இல்லையா என்று புரியும். அதுவாவது துணிக்கடையில் மாற்றிக் கொடுப்பார்கள்.

முதலில் வாங்கியது வெளிநாட்டுச் சரக்கு. தனியாகத் தொழில் செய்பவர்களுக்கென்றே செய்தது என்று விளம்பரம் சொன்னது. அதில் ஒரு கடிகாரம் உண்டு. வேலையைத் தொடங்கும்போது அழுத்த வேண்டும், முடித்ததும் நிறுத்த வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியதோ அதற்கு அதுவே பில் போட்டுக் கொடுக்கும். விக்கிரமங்கலத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல்கட்டு வரைய உட்கார்ந்தேன், அழுத்தினேன். நடுவில் தங்கை பேத்திக்குக் காது குத்து வந்தது. பஸ் ஏறினேன், மொட்டை அடித்த குழந்தையைக் கொஞ்சினேன், கிடா விருந்து சாப்பிட்டேன், தங்கை வீட்டில் தங்கினேன். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் பில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது. விக்கிரமங்கலத்துக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

“மேடம், நான் கேட்டது ஒரு அடுப்பு மேடை, ஒரு சிங்க்கு. இந்தக் காசுக்குக் கல்யாண மண்டபத்து சமையல்கட்டே கட்டிருப்பேங்களே.”

அன்றோடு அந்தக் கடிகாரத்துக்குக் கும்பிடு போட்டேன். மணிக்கணக்கில் கூலி வாங்குவது நம் தொழிலுக்கு ஒத்து வராது. படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கும்போதுதான் நமக்கு நல்ல பிளான் தோன்றும். அதற்கு எந்தப் பொத்தானை அழுத்துவது?

அடுத்து வாங்கியது பெரிய கணக்குச் சாஃப்ட்வேர். இரும்புக் கடை, உரக்கடை எல்லாவற்றிலும் இருப்பது. அது முதல் நாளே என் குடோன் எங்கே என்று கேட்டது. எனக்கு ஏது குடோன், தலைக்குள்தான் எல்லாம் என்று கணினியிடம் சொல்ல முடியுமா? ‘பிளான்’ என்று ஒரு சரக்கை நானே உண்டாக்கி அதை விற்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பிளான் கையிருப்பு மைனஸில் நிற்கிறது. பதறிப் போய் ஆடிட்டரைக் கூப்பிட்டேன்.

“வாங்காம வித்தா அப்படித்தாங்க காட்டும்.”

“நான் யாருட்டங்க வாங்கறது? எல்லாம் என் மூளையிலேருந்து வருது சார்.”

“அதுக்கு பர்ச்சேஸ் பில்லு இருக்குதா?”

அவர் சிரிக்காமல்தான் கேட்டார். இன்றுவரை அது கிண்டலா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சரக்கு விற்பவருக்கான மென்பொருள் வேறு, வேலை செய்து கொடுப்பவருக்கான மென்பொருள் வேறு. இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

மூன்றாவதுதான் கதாநாயகன். போனிலேயே வேலை செய்யும் ஆப். திருச்சியிலிருந்து கழுத்தில் அட்டை தொங்க ஒரு விற்பனையாளர் வந்தார். பேச்சு சர்க்கரைப் பாகு. “முழுசா தமிழ்லயே வரும் மேடம்” என்றார். கடிகாரம் இல்லை, குடோன் இல்லை. பாக்கி வைத்தவர்களுக்கு முப்பதாவது நாள் அதுவே ஞாபகப்படுத்திச் செய்தி அனுப்பும். இந்த இடத்தில் நான் விழுந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கத்தில் பாக்கியைக் கேட்பதற்கு ஒரு மரியாதை உண்டு. ‘பணம்’ என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. போன் செய்து, “வூட்டுல எல்லாரும் சௌக்கியமா? மக்காச்சோளம் எப்படி வந்துருக்கு? அந்தப் பக்கம் மழை உண்டுங்களா?” என்று கேட்க வேண்டும். மழைக்கு வரும்போதே எதிராளிக்குப் புரிந்துவிடும். “அடுத்த வாரம் டவுனுக்கு வரேங்க, பார்த்துடலாம்” என்பார். பணத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை, ஆனால் பேசியாகிவிட்டது. எனக்கு அந்த மழை விசாரிப்பு அலுத்துப் போயிருந்தது. ஆகவே அந்த வேலையை ஆப் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் மரியாதை கெடக் கூடாது என்று விற்பனையாளரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

“பணம்னும் வரக் கூடாது, பில்லுன்னும் வரக் கூடாது. பாக்கிங்கற வார்த்தையே ஆகாது. பார்க்கறவங்களுக்குப் புரியணும், ஆனா மனசு நோகக் கூடாது.”

“புரிஞ்சுது மேடம். கேக்காம கேக்கணும். அசத்திடலாம்.”

அவரே என் போனை வாங்கி அசத்த ஆரம்பித்தார். வாடிக்கையாளரின் படம் இருந்தால் நெருக்கமாக இருக்கும் என்றார், வைத்தோம். ஓரத்துக்கு ஏதாவது அலங்காரம் வேண்டும் என்றார். ஆப்பில் இருந்த தீபாவளி அலங்காரத்தை எடுத்தோம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியும். ‘இன்றுடன் முப்பது நாட்கள் நிறைவடைகின்றன’ என்று ஒரு வரி. கடைசியில் என் பெயருக்கு மேலே ‘என்றும் தங்களையே எதிர்நோக்கும்’ என்று ஒரு வரி. தலைப்பையும் அவரே அடித்தார். பிறகு போனை நீட்டினார். எழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கோடு பார்த்த கண்கள் அப்படித்தான்.

இனி சோலைமுத்து. சிறுவாச்சூரில் ஹைவே ஓரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். திங்களும் வெள்ளியும் காளி கோயிலுக்குக் கூட்டம் அம்மும், அந்த இரண்டு நாளும் அவரைப் பிடிக்க முடியாது. ஊருக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பிளான் என்னுடையது, பணத்தில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அவருடைய தம்பியுடையது. “பில்லெல்லாம் தம்பி நம்பருக்கே அனுப்பிடுங்க மேடம்” என்று சொல்லியிருந்தார். அப்படியே ஆப்பில் போட்டு வைத்தேன். படத்துக்கு, பூமி பூஜையன்று நான் எடுத்ததை வைத்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, ஐயர் போட்டுவிட்ட மாலை. மேஸ்திரி முகூர்த்தத்துக்குத் தாமதமாக வந்த கோபத்தில் முகம் உம்மென்று இருக்கும்.

அவருக்கு ஒரே மகள், தேன்மொழி. மீன்சுருட்டியில் மாப்பிள்ளை. கடைக்குக் கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் முன்பே ஒருவரையொருவர் பிடித்துப் போய், இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அந்தப் பெண் பட்ட பாடு எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஜன்னல் வைப்பதைப் பற்றிப் பேசப் போனால் கதவோரம் நின்று அதைத்தான் சொல்லும்.

அந்த ஞாயிறு காலை நான் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி போன் செய்தார்.

“மேடம், மாலை நான் தனியா வாங்கணுமா, இல்ல எல்லாருக்கும் சேர்த்து நீங்களே வாங்கிட்டீங்களா?”

“நிச்சயத்துக்கு நாம எதுக்கு மேஸ்திரி மாலை வாங்கணும்?”

“நிச்சயத்துக்கு இல்லீங்க. சோலைமுத்து சாருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நேத்து சாயங்காலங்கூட ஜல்லிய எங்கடா கொட்டுனன்னு என்னைய வஞ்சாரு. நல்ல மனுசன்.”

“சோலைமுத்துக்கு என்ன?”

“நீங்கதான மேடம் கார்டு போட்டுருக்கீங்க?”

ஆப்பைத் திறந்தேன். காலையில் அதுவாக ஒரு செய்தி அனுப்பியிருந்தது. இரண்டு குத்துவிளக்கு, நடுவில் மாலையும் திருநீறுமாகச் சோலைமுத்து. கீழே அவர் பெயர், ஊர். இன்றுடன் முப்பது நாட்கள் நிறைவடைகின்றன. என்றும் தங்களையே எதிர்நோக்கும், நான். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த அழகான எழுத்தில், ‘நினைவஞ்சலி’.

விற்பனையாளர் ‘நினைவூட்டல்’ என்றுதான் அடிக்கத் தொடங்கியிருக்கிறார். பாதி அடிப்பதற்குள் என் போன் மீதியைத் தானே நிரப்பிக் கொடுத்திருக்கிறது. நம் ஊரில் போனில் அதிகம் அடிக்கப்படுவது எந்தச் சொல்லோ அதைத்தானே அது கொடுக்கும்?

செய்தி போனது சிங்கப்பூர்த் தம்பிக்கு. காலை டீ வேளையில் போனைத் திறந்தவர் கண்ணில் படமும் தலைப்பும்தான் பட்டிருக்கின்றன. அதற்குக் கீழே படிக்க யாருக்கு நிதானம் இருக்கும்? அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். நிச்சய வீட்டில் மைக் செட் அலறிக்கொண்டிருக்க, அண்ணன் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. சொந்தக்காரர்கள் குரூப்பில் அதைப் போட்டு, “அண்ணனுக்கு என்னாச்சு, யாராவது சொல்லுங்க” என்று அழுதுகொண்டே பேசி அனுப்பியிருக்கிறார். வேலை நேரத்தில் போன் கூடாது என்பதால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே ஏறிவிட்டார். குரூப்பில் அவருக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை, இரங்கல் சொல்ல எல்லோரும் இருந்தார்கள். ஆழ்ந்த இரங்கல், கண்ணீர் அஞ்சலி, கூப்பிய கைகள். “மாமா இங்கதான் இருக்காரு, இட்லி சாப்புடறாரு” என்று யாரோ போட்டது அந்தக் கைகளுக்கு நடுவில் காணாமல் போய்விட்டது. அங்கிருந்து கார்டு கைமாறி மேஸ்திரிக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும்கூடப் போயிருக்கிறது.

உடனே ஆப்பில் அதை நிறுத்தப் பார்த்தேன். ‘ரத்து’ என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். ‘சோலைமுத்து அவர்களின் நினைவஞ்சலி ரத்து செய்யப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று அதே நம்பருக்கு இன்னொரு செய்தி பறந்தது. பில்லே இல்லை என்று ஆக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றி, பணம் வந்துவிட்டதாகக் குறித்தேன். ஆப் ஒரு பச்சை டிக் போட்டுவிட்டு மூன்றாவது செய்தியை அனுப்பியது. ‘சோலைமுத்து அவர்களின் கணக்கு முடிக்கப்பட்டது. நன்றி.’

ஒருவரின் கணக்கை முடிப்பது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனை அணைத்துக் கட்டிலில் போட்டேன். தம்பி தங்கைகளே, ஒரு இயந்திரம் குழப்பம் செய்தால் அதே இயந்திரத்தை வைத்து அதைச் சரி செய்யப் போகாதீர்கள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு யாரிடம் பேச வேண்டும் என்று யோசியுங்கள்.

நான் யோசித்து முடிப்பதற்குள் வீட்டுப் போன் அடித்தது. தேன்மொழி.

“மேடம், மாப்பிள்ள வூட்டு வேன் அரியலூர்லயே நின்னுடுச்சு. கார்ட பார்த்துட்டு அவங்க அத்தை மேல வர மாட்டேன்னு எறங்கிட்டாங்களாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா உடஞ்சுருவாரு. அது என்ன கார்டு மேடம்?”

“பில்லும்மா. உங்க சித்தப்பாவுக்கு அனுப்புன பில்லு.”

மிகவும் மெதுவாக, “அத அங்க சொல்லிடாதீங்க மேடம்” என்றது.

அதன் பயம் எனக்கு உடனே புரிந்தது. நிச்சயத்தன்று காலையில், பெண் வீட்டார் வீட்டுக்குப் பிளான் போட்டவருக்கே பணம் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால், அபசகுனம் போய்க் கடன்காரப் பட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது நினைவஞ்சலி இல்லை என்று காட்ட வேண்டுமானால் பில் என்று சொல்ல வேண்டும். பில் என்று சொன்னால் அந்தக் குடும்பத்தின் மானம் போகும். வாடிக்கையாளரின் கணக்கு வாடிக்கையாளருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும், அதை எவ்வளவு நெருக்கடியிலும் வெளியே எடுக்கக் கூடாது. இதை எந்தப் படிப்பிலும் சொல்லித் தரவில்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் அன்று பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்பியபோது அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அரியலூர் போய்ச் சேரும்வரை என்ன சொல்வதென்று தோன்றவே இல்லை. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே போனேன். ஊர் எல்லையில் ஒரு டீக்கடை, அதன் முன்னால் பூமாலை கட்டிய வேன். ஆண்கள் டீ குடித்துக்கொண்டு என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். மாப்பிள்ளை புது வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். பெஞ்சில் அத்தை, மடியில் தாம்பாளத் தட்டு. தாயில்லாத அந்தப் பையனை வளர்த்தவர் அவர்தான், அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு.

“நீங்கதான் கார்டு போட்டவங்களா?”

“ஆமாங்கம்மா.”

“சோலைமுத்து உங்களுக்கு என்ன ஒறவு?”

“ஒறவு இல்லீங்க. அவரு வூட்டுக்கு நான் பிளான் போடறவ.”

“பிளான் போடறவங்க எதுக்கு அஞ்சலி செலுத்துறீங்க?”

நியாயமான கேள்வி. அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. அந்தப் பில் ஏன் முப்பது நாளாக நிற்கிறது? மாடிப்படிக்கு நான் வரைந்து தர வேண்டிய படம் இன்னும் போகவில்லை. படம் வந்ததும் பணம் என்று சோலைமுத்து சொல்லியிருந்தார், அதில் அவர் பக்கம் தவறே இல்லை.

“அம்மா, நான் அவருக்கு மாடிப்படி வரஞ்சு குடுக்கணும். முப்பது நாளாச்சு, இன்னும் குடுக்கல. முப்பதாவது நாள் ஞாபகப்படுத்தறதுக்கு ஒரு ஆப்பு வெச்சிருக்கேன். தலைப்புல வார்த்தை மாறிப் போச்சு. தப்பு எங்க பக்கம். அவங்க பக்கம் ஒண்ணுமில்ல.”

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

“அதுக்கு அவரு போட்டா எதுக்கு?”

“யாருக்குக் குடுக்கணும்னு தெரியறதுக்குங்க.”

“வெளக்கு?”

“அது தீபாவளிக்கு வெச்சது.”

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பாலைக் கிண்டினார். அத்தை சிரிக்கவில்லை.

“போன மாசக் கடைசியில எங்க வூட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டுப் போன மனுசன், செத்து முப்பது நாள்னா நம்புறதுக்கு நான் என்ன கூமுட்டையா? அவரு இருக்காருன்னு எனக்கும் தெரியும். ஆனா நல்ல காரியத்துக்குக் கெளம்பி வரப்ப இப்படி ஒண்ணு கண்ணுல பட்டுச்சே. எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நாந்தான பார்க்கணும்?”

சொல்லிக்கொண்டே அவர் தட்டை முந்தானையால் இழுத்து மூடினார். அதுவரை அவர் வீம்பு பிடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அது பயம். பயந்தவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது, புழுதியும் வெயிலும் வேறு.

“அம்மா, இப்பவரைக்கும் அது எழுத்துப் பிழை. நீங்க இங்கேருந்து வண்டியத் திருப்பினா அது நெசமாயிடும். பந்தலப் போட்டுட்டு வாசல்ல நிக்கற மனுசன் இன்னிக்கே பாதி செத்துருவாரு. அந்தப் பொண்ணும்தான். அப்புறம் நான் போட்ட கார்டு சரிதான்னு ஆயிடும். அது தப்பா இருக்கறதும் சரியாப் போறதும் இப்ப உங்க கையிலதான் இருக்கு.”

மாப்பிள்ளை வேட்டியை விட்டுவிட்டு அத்தை பக்கத்தில் வந்து, “ஏறுங்கத்த” என்றான். அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

“நீங்க முன்னாடி போங்க” என்றார் என்னிடம். “அவரு வாசல்ல நின்னு, வாய் தொறந்து வாங்கன்னு கூப்புடணும். அத பார்த்துட்டுதான் நான் எறங்குவேன்.”

சிறுவாச்சூரில் வேன் நின்றதும் சோலைமுத்து தானாகவே ஓடி வந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. “வாங்க வாங்க” என்று அவர் கூப்பிட்ட சத்தம் கோயில்வரை கேட்டிருக்கும். இறங்கிய ஒவ்வொருவரும் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்கள். ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிற சாக்கில் மணிக்கட்டைச் சற்று அழுத்தியே பார்த்தார். அத்தை கடைசியாக இறங்கி, “நல்லாருக்கீங்கள்ல?” என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்பதைவிட அழுத்தம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

உங்களுக்கு உபயோகமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அதே கார்டு இன்னும் இரண்டு பேருக்குப் போயிருந்தது. இரண்டு பேரும் மதியத்துக்குள் பணத்தைப் போட்டுவிட்டார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஒருவர், என்னை மழை விசாரிக்க வைத்தே வருஷத்தை ஓட்டியவர். விற்பனையாளரைத் திட்டக் கூப்பிட்டபோது அவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஒர்க் ஆகுது மேடம்” என்றார். மறுநாளே அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். பிறகு வாங்கியது சாதுவான ஒன்று. வேலைக்குப் பில் போடும், வரியைக் கணக்குப் பண்ணும், ஆடிட்டர் கேட்டால் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக் கொடுக்கும், நான் அழுத்தாமல் யாருக்கும் எதுவும் அனுப்பாது. நீங்களும் எது வாங்கினாலும் முதல் பில்லை, முதல் ஞாபகச் செய்தியை, முதல் நன்றியை உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் காட்டி, இது என்னவென்று கேளுங்கள். அவர்கள் பில் என்று சொன்னால் மட்டும் ஊருக்கு அனுப்புங்கள். பணம் என்ற சொல்லைத் தைரியமாக எழுதுங்கள், நோகிறவர்கள் நொந்துகொள்ளட்டும்.

சிறுவாச்சூரில் அன்று நடந்தது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தட்டு மாற்றுவதற்காக மைக் செட்டை நிறுத்தினார்கள். எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாயிற்று. தேன்மொழி உள்ளறையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வந்து, “அப்பா, சித்தப்பா. ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டே இருக்காரு” என்று நீட்டியது. கடைக்காரர் பழக்கம், சோலைமுத்து எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

முதலில் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யாருங்க பேசறது?”

“நாந்தான்டா. என் போனுல வேற யாரு பேசுவா?”

“அண்ணனா?”

“அண்ணன்தான். என்னடா கொரலு ஒரு மாதிரியா இருக்கு?”

அந்தப் பக்கம் அந்த மனுஷன் வாய்விட்டு அழுதார். நடுத்தர வயது ஆண் அப்படி அழுது நான் கேட்டதில்லை. சோலைமுத்து பதறிப் போய் எழுந்துவிட்டார். “டேய், ஒனக்கு என்னடா ஆச்சு? அடி கிடி பட்டுருச்சா? பக்கத்துல யாரு இருக்கா?” என்று தம்பிக்காகத் துடித்தார். பிறகு கார்டைப் பற்றி ஒவ்வொன்றாக வந்தது. ரத்து செய்கிறோம் என்று வந்ததாம், அடுத்து கணக்கு முடிக்கப்பட்டது என்று வந்ததாம், அதைப் படித்த பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லையாம். சோலைமுத்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஜமுக்காளத்துக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அண்ணே, தேனு நிச்சயத்துக்குப் போகணும்னு கால்ல விழாத கொறையா கேட்டேன். லீவு இல்லன்னுட்டாங்க. இப்ப அண்ணன் போயிட்டாருன்னு சொன்னதும் ஒடனே குடுத்துட்டாங்க. டிக்கெட்டும் போட்டுட்டேன். இனிமே தேனு கல்யாணத்துக்கு அண்ணன் இல்லியே, நாந்தான் இருந்து எல்லாம் செய்யணும்னு கெளம்பிக்கிட்டு இருந்தேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இப்ப நான் என்னண்ணே பண்றது? தப்பா தகவல் வந்துருச்சுன்னு ஆபீஸ்ல போயி சொல்லிடவா?”

கூடத்தில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை தட்டின் மேல் கையை வைத்தபடி சோலைமுத்துவின் முகத்தையே பார்த்தார். சோலைமுத்து தன் மகளைப் பார்த்தார், தம்பிக்கென்று தூணோரம் காலியாக விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஜல்லியை எங்கே கொட்டுவது என்று மேஸ்திரிக்குச் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

“ஒண்ணும் சொல்லாத. அங்க நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். நீ கெளம்பி வாடா.”